முத்திரையும் குலமும்: கள்ளக்குறிச்சிச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவிலூர் வட்டங்களிலும் கல்வராயன் மலையிலும் செப்பேடு, ஓலை, முத்திரை மோதிரம், பழம்பத்திரம் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் குடும்பத்தாருக்கு:

இடைக்காலத் தமிழகத்தில் ஓர் ஆணை யாருடையது என்பதை முதலில் சொன்னது அதன் முத்திரை. செப்பேட்டின் இதழ்களில் ஒரு புறமாகத் துளையிட்டு, அந்தத் துளைகளின் வழியே கனத்த செம்பு வளையம் ஒன்றைக் கோப்பார்கள். வளையத்தின் இரண்டு முனைகளையும் வட்டமான ஓர் உலோகக் கட்டியின் அடியில் சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். கட்டியின் முகத்தில் குலச் சின்னம் புடைப்பாக நிற்கும். சின்னத்தைச் சுற்றியோ அதன் கீழோ எழுத்து ஓடும். இதழ்களைப் புரட்டிப் படிக்க எந்தத் தடையும் இல்லை. ஓர் இதழை உருவ வேண்டும், அல்லது புதிதாக ஒன்றைச் செருக வேண்டும் என்றால் மட்டும் வளையத்தை அறுத்தாக வேண்டும். அறுத்த தடம் மறையாது. எழுதியதில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அந்த அறுபடாத வளையமே சாட்சி.

ஐரோப்பாவில் வழக்கம் வேறு. அங்கே முத்திரை அச்சு உரியவர் கையிலேயே இருந்தது. ஆவணத்தில் ஏறியது மெழுகில் விழுந்த பதிவு மட்டுமே. 12ஆம் நூற்றாண்டிலிருந்து பிரபுக் குடும்பங்கள் தம் கேடயச் சின்னத்தை அச்சில் வெட்டிக்கொண்டன. சீமாட்டிகளுக்கும் தனி அச்சு உண்டு. பெரும்பாலும் இரு முனையும் கூரான நீள்வட்டத்தில், நிற்கும் பெண்ணுருவத்தோடு அது அமைந்தது. ஸ்காட்லாந்து விவகாரத்தில் போப் எட்டாம் போனிபேசுக்கு 1301இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் எழுதிய மடலுக்கு ஏறத்தாழ நூறு பேரின் முத்திரைகள் தயாராயின. உரியவர் இறந்தால் அச்சை உடைப்பதும் சிதைப்பதும் பரவலான வழக்கம். இறந்தவர் பெயரில் பிறகு யாரும் ஆவணம் எழுதிவிடக் கூடாது அல்லவா. தமிழகத்துச் செப்பேட்டிலோ ஒவ்வோர் ஏட்டுக்கும் தனியாக வார்த்த முத்திரையே கொடையோடு சேர்ந்து, கொடை பெற்றவர் வீட்டுக்குப் போய்விட்டது. அரண்மனைகள் அழிந்தும் முத்திரைகள் பிழைத்ததற்குக் காரணம் இதுதான். கோயில் நிலவறையும், பிராமணக் குடியிருப்பும், ஊர்ப் பெரிய வீட்டின் மரப்பெட்டியும் அவற்றைக் காத்தன. இந்த மடல் குடும்பங்களை நாடி வருவதும் அதனால்தான்.

செம்புக்கு முன்பே மண் முத்திரை இருந்தது. ஓலைச் சுருளைக் கட்டி, முடிச்சின் மேல் ஈரமண்ணை அப்பி, அதில் சின்னத்தை அழுத்துவார்கள். கயிற்றால் கட்டிய குடத்தின் மேல் இட்ட பொறியை ஆவண மாக்கள் பார்த்து, சரி என்று கண்ட பிறகே உடைத்து உள்ளிருக்கும் ஓலைகளை எடுத்ததை அகநானூற்றின் 77ஆம் பாட்டு காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் செலுத்திய மூட்டைகள் மீது புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் வடநாட்டு அரசர்களுக்கு அனுப்பும் ஓலைகளில் வில், கயல், புலி ஆகிய மூன்றும் மண்ணில் பதிந்து போகின்றன. அதே காப்பியத்தில் தனிமனித முத்திரை ஒன்றும் உண்டு. மாதவி கோவலனுக்கு அனுப்பிய ஓலையின் மண்ணில் அவள் கூந்தல் பதிந்திருக்கிறது. பிரித்துப் படிக்கும் முன்பே அந்த மணத்தால் அவன் அவளை அறிந்துகொள்கிறான். அரசனுக்குக் குலச்சின்னம் செய்த வேலையை இங்கே ஒரு பெண்ணின் கூந்தல் செய்கிறது. முத்திரை என்பது ஆளையே உடன் அனுப்பும் வழி என்பதை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கணமும் சொல்லிவிட முடியாது.

விரலில் அணிந்த முத்திரைக்கு ஈழத்தில் நல்ல சான்று கிடைத்தது. யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டையில் 1980-81இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றில் இருந்தவரோடு சேர்த்துப் புதைத்த முத்திரை அகப்பட்டது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். அந்த எழுத்துகளைக் ‘கோவேத’ என்று படித்தார்கள். ‘கோ’ என்ற தொடக்கம் அதை அணிந்தவரின் தலைமை நிலையைக் காட்டுகிறது. ஐரோப்பியர் உடைத்த இடத்தில், ஆனைக்கோட்டையில் முத்திரையை உடையவரோடே அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

சோழர் காலத்தில் முத்திரை விழுவதற்கு முன் ஆணை பல கைகளைக் கடந்தது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருவாய்க்கேள்வி என்றார்கள். அதைத் திருமந்திர ஓலை என்ற அலுவலர் எழுதினார். திருமந்திர ஓலை நாயகம் ஒப்பிட்டார். பிறகு அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை என்று வரிசையாக அலுவலர்கள் இருந்தார்கள். இவர்களில் முகவெட்டி முத்திரைப் பணியைச் சேர்ந்தவர் என்று அறிஞர்கள் கொள்வார்கள். இத்தனை பேரின் பெயரும் ஊரும் பெரிய செப்பேடுகளில் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கின்றன. நிலத்துக்கு வரி நீக்குவது அரசுக்கு நிரந்தர இழப்பு. யார் யார் கை வழியாக அந்த இழப்பு நடந்தது என்பதை ஆவணமே சொல்ல வேண்டியிருந்தது.

முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 இதழ் கொண்டது. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைச் சொல்லும் அந்த ஏட்டின் முத்திரையில் அமர்ந்த புலி, அதன் அருகே இரண்டு கயல், வில், மேலே குடை, இருபுறமும் சாமரம், விளக்குகள் எல்லாம் நெருக்கமாக நிற்கின்றன. புலி சோழனுடையது. கயல் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. வென்றவன் தோற்றவர்களின் சின்னங்களை அழிக்கவில்லை. தன் குடையின் கீழ் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டான். விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் ஓடும் வடமொழி வாசகத்தின் பொருள், பரகேசரிவர்மனாகிய இராசேந்திர சோழனின் இந்த ஆணை அரசர்களின் மணிமுடி வரிசைகளின் மேல் அமர்வது என்பதாகும்.

இதை வெறும் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆணை ஊருக்கு வந்தபோது நடந்ததைச் செப்பேடுகளின் தமிழ்ப்பகுதி விவரமாகச் சொல்கிறது. திருமுகம் வருகிறது என்று கேட்டதும் நாட்டார் எதிரெழுந்து போவார்கள். தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பிறகு பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வருவார்கள். கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். எல்லை இன்னது என்று அறையோலை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். முத்திரையின் விளிம்பில் மணிமுடிகளுக்குச் சொன்ன வாசகம், களத்தில் உழவர் தலைவர்களின் தலைமேல் அப்படியே நிகழ்ந்தது. விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் 1987இல் கிடைத்த இராசேந்திரனின் செப்பேடும், ஹாலந்துக்குப் போன ஆனைமங்கலச் செப்பேடும் இந்த நடைமுறைக்கு நல்ல சான்றுகள். லெய்டன் செப்பேடு என்று அழைக்கப்படும் ஆனைமங்கல ஏட்டில் 21 இதழ் உண்டு.

பேரரசனின் முத்திரையைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. கள்ளக்குறிச்சிச் சீமைக்குச் சொந்தமான கதை பேரரசனுக்கு அடுத்த படியில் இருந்த குலங்களின் கதை. மலையமான்கள், வாணகோவரையர்கள், காடவர்கள் என்று மூன்று குலங்கள் இந்த நிலத்தைச் சுற்றி வாழ்ந்தன.

மலையமான்கள் மூத்தவர்கள். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூரும் முள்ளூர் மலையும் அவர்களுடையவை. அவர்களில் புகழ்பெற்றவன் திருமுடிக்காரி. அவன் பெயரும் அவன் குதிரையின் பெயரும் ஒன்றே, காரி. திருக்கோவிலூர்ப் பகுதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சதுரச் செப்புக் காசுகளின் ஒரு பக்கத்தில் குதிரை நிற்கிறது; மறுபக்கத்தில் மலையும் ஆறும் கோடுகளாக இருக்கின்றன. சிலவற்றில் மலையமான் என்ற பெயர் பிராமி எழுத்தில் இருப்பதை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்டார். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த செம்பில் குலத்தின் பெயர், குலத்தின் குதிரை, குலத்தின் மலை, குலத்தின் ஆறு நான்கும் அடங்கிவிட்டன. தமிழகத்தில் ஒரு குறுநிலக் குடி தன்னை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இந்த மாவட்டத்தில் தேட வேண்டியதில்லை.

அதே குலம் சோழர் காலத்தில் மிலாடு உடையார், சேதிராயர் என்ற பெயர்களோடு தொடர்ந்தது. முதலாம் இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மாறாத பிள்ளையை விட்டு அவர் உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததையும் அதே கல்வெட்டு நினைவுகூர்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழைய செய்தியைக் குடும்பம் மறக்கவில்லை. புலி முத்திரையின் கீழ் வந்துவிட்ட பிறகும், பேரரசனின் தாய்வீடு தாங்கள்தான் என்று கல்லில் சொல்லிக்கொள்ளும் பெருமை அவர்களிடம் இருந்தது.

வாணர்களின் கதையில் முத்திரையே நடுநாயகம். மாவலிச் சக்கரவர்த்தியின் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட பாணர் குலம் பாலாற்றின் வடக்கே ஆண்டது. முதலாம் பராந்தகன் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண அரசர் இருவரை வேரோடு பிடுங்கினான். அவர்களின் பட்டத்தைத் தன் துணைவனான கங்கர் குலத்து இரண்டாம் பிருதிவீபதிக்குச் சூட்டினான். செம்பியன் மாவலி வாணராயர் என்று பெயர் பெற்ற இந்தப் பிருதிவீபதியின் வேண்டுகோளில் பராந்தகனின் 15ஆம் ஆட்சியாண்டில், அதாவது 922ஆம் ஆண்டையொட்டி, எழுந்ததுதான் உதயேந்திரம் செப்பேடு. வாணியம்பாடிக்கு அருகில் உள்ள ஊர் உதயேந்திரம்.

அதன் முத்திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் வலப்புறம் நோக்கிப் படுத்த காளை. அதன் இருபுறமும் விளக்குத் தண்டுகள். மேலே குடையும் இரு சாமரமும். காளையின் கீழே கிரந்தத்தில் ‘பிரபுமேரு’ என்ற ஒரே பெயர். கங்கரின் முத்திரையில் வழக்கமாக இருப்பது யானை. இதில் யானை இல்லை. ஆணைக்கு மேலே நிற்கும் பேரரசனின் சின்னம் புலி; இதில் புலியும் இல்லை. காளையும் பிரபுமேரு என்ற விருதுப்பெயரும் தோற்றுப்போன பாணர்களுடையவை. பட்டத்தோடு கொடியில் கருமானும், முத்திரையில் காளையும், பைசாசம் என்ற பறையும், நந்திமலைத் தலைமையும் பிருதிவீபதிக்கு வந்துசேர்ந்ததை ஏட்டின் வாசகமே அடுக்குகிறது. குலத்தை அழிக்கலாம், அந்தக் குலத்தின் முத்திரைக்கு நிலத்தில் இருந்த மதிப்பை அழிக்க முடியவில்லை. ஆகவே வேறு குலத்தான் ஒருவன் அந்த முத்திரைக்குள் குடியேறினான். கோட்டையையும் யானையையும் பிடிப்பது போலவே முத்திரையைப் பிடிப்பதும் போரின் ஒரு பகுதியாக இருந்தது.

மாவலி வழி என்ற உரிமையை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாணகோவரையர்கள் மகதை மண்டலத்தில் தொடர்ந்தார்கள். அவர்களின் தலைநகரான ஆறகளூர் வசிட்ட நதிக்கரையில், சின்னசேலம் எல்லைக்கு அப்பால், இன்றைய சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியின் மேற்குப் பகுதி மகதை மண்டலத்தோடு ஒட்டி வளர்ந்த நிலம். இவர்களில் ஒருவன் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்து ‘பொன்பரப்பினான்’ என்ற பட்டம் பெற்றான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சோழ அரசு தளர்ந்தபோது, இத்தகைய பட்டங்கள் பேரரசனின் மெய்க்கீர்த்திக்கு இணையாகக் கல்வெட்டுகளில் இடம்பிடித்தன.

காடவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சேந்தமங்கலம் அவர்களின் கோட்டை. காளை முத்திரை வைத்திருந்த பல்லவரின் வழியினர் என்று இவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கோப்பெருஞ்சிங்கன் 1231இல் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள அரசன் இரண்டாம் நரசிம்மன் தன் படைத்தலைவர்களை அனுப்பிச் சோழனை மீட்டதைத் திருவகீந்திரபுரம் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறது. புலி முத்திரைக்கு உரியவனே குறுநிலக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. அடுத்து வந்த இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு தன் ஆட்சியாண்டிலேயே கல்வெட்டு வெட்டினான்.

இந்தக் குலங்களின் ஓலைகளில் கல்லில் ஏறியவை நமக்குக் கிடைக்கின்றன. கல்லில் முத்திரையைக் கோக்க முடியாது. அதனால் ஆளை அடையாளம் காட்டும் வேலையை எழுத்து ஏற்றுக்கொண்டது. ஆவணத்தின் முடிவில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று ஒப்பமிட்டவர்கள் வரிசையாக வருவார்கள். எழுதத் தெரியாதவர் கீறல் ஒன்றை இடுவார். அது தற்குறி. அந்தத் தற்குறி இன்னாருடையதுதான் என்று அருகில் இருந்த இன்னொருவர் தம் கையெழுத்தால் உறுதி செய்வார். இதைத் தற்குறி மாட்டெறிதல் என்றார்கள். எழுத்தறியாத நிலவுடைமையாளரும் தம் கையாலேயே ஆவணத்தைத் தொட்டாக வேண்டும் என்று அந்தச் சமூகம் கருதியது. ஐரோப்பாவில் படிப்பறியாத பிரபுவுக்கு மெழுகு அச்சு கைகொடுத்த இடத்தில், தமிழகத்தில் அண்டை வீட்டானின் சாட்சியம் கைகொடுத்திருக்கிறது.

குறுநிலத் தலைவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளிலும் இதே வழக்கம்தான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் மலையமான், அதியமான், சம்புவராயர், வாணகோவரையர் முதலியோரிடையே இத்தகைய உடன்பாடுகள் பல எழுந்தன. ஒருவனுக்குப் பகைவன் மற்றவனுக்கும் பகைவன், ஒருவனுக்கு இடர் வந்தால் மற்றவன் படையோடு வர வேண்டும் என்ற தொனியில் அவை கோயில் சுவரில் பொறிக்கப்பட்டன. இங்கிலாந்துப் பிரபுக்கள் நூறு மெழுகு முத்திரையால் செய்ததை இவர்கள் கையெழுத்தாலும் கோயில் சுவராலும் செய்தார்கள். சுவரை யாரும் பெட்டிக்குள் பூட்டிவைக்க முடியாது; ஊரே அந்த உடன்பாட்டுக்குக் காவல்.

தனிக்குடும்பத்தைத் தவிரக் கூட்டங்களுக்கும் சின்னம் இருந்தது. உழவர் பேரவையான சித்திரமேழிப் பெரியநாட்டாரின் சின்னம் கலப்பை. அவர்களின் புகழுரை கொண்ட கல்வெட்டு திருக்கோவிலூரில் இருக்கிறது. கலப்பையைத் தலைச்சின்னமாகக் கொண்ட ஒரு சபை, குடையும் சாமரமும் கொண்ட அரசர்களுக்கு நடுவே தன் பெயரில் ஆணை வெளியிட்டது இந்த மாவட்டத்தின் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம். கோயில் நில எல்லையிலும் குறிகள் நின்றன: சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் கோயிலுக்குத் திருவாழிக்கல், சமணப் பள்ளிக்கு முக்குடைக்கல். உடலிலும் முத்திரை விழுந்தது. காளத்திக் கோயிலுக்கு உரிய பெண்கள் சிலருக்குத் தவறுதலாக அரச இலச்சினை இடப்பட்டதையும், அதை அழித்துச் சூலம் பொறிக்கச் சொன்னதையும் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. நிலத்தைக் குறித்த அதே சின்னம் மனிதரையும் உடைமையாகக் குறித்தது. முத்திரையின் அழகைப் பேசும்போது இந்தக் கொடுமையையும் சேர்த்தே பேச வேண்டும்.

விசயநகரக் காலத்தில் முத்திரையில் வராகம் வந்தது. மேலே கதிரவனும் பிறையும். ஆணையின் முடிவில் அரசன் தன் பெயரை எழுதவில்லை. ‘ஸ்ரீவிரூபாட்ச’ என்று குலதெய்வத்தின் பெயரைக் கன்னட எழுத்தில் ஒப்பமாக இட்டான். பிற்கால அரசர்கள் அந்த இடத்தில் ‘ஸ்ரீவேங்கடேச’ என்று எழுதினார்கள். செஞ்சி நாயக்கர்களுக்குப் பின் மராட்டியரும் முகலாயரும் ஆர்க்காட்டு நவாபுகளும் இந்தச் சீமைக்கு வந்தபோது செம்பின் இடத்தைக் காகிதம் பிடித்தது. பாரசீக எழுத்தில் பெயர், பட்டம், ஹிஜ்ரி ஆண்டு மூன்றையும் தலைகீழாக வெட்டிய அச்சை மையில் தோய்த்துக் காகிதத்தில் குத்தினார்கள். பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் அதைப் பார்த்துத் தங்களுக்கும் பித்தளை அச்சு செய்துகொண்டார்கள். அதன்பின்தான் தமிழகத்துப் பெரிய வீடுகளில் முத்திரை அச்சு தலைமுறைச் சொத்தானது.

கல்வராயன் மலை இந்த மாற்றங்களை மெதுவாகவே ஏற்றது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய ஜாகிர்தார்களின் பொறுப்பில் மலைக் கிராமங்கள் இருந்தன. வரி வாங்கியதும் வழக்குத் தீர்த்ததும் அவர்களே. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழித்து, 1976 ஜூன் 25 அன்று, இனாம் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அரசு மலையை எடுத்துக்கொண்டது. அதுவரை ஒரு மலைக்குடியின் நிலத்துக்கு ஆதாரமாக இருந்தது ஜாகிர் கணக்கும் ரசீதும்தான். ஆகவே வெள்ளிமலையிலோ சுற்றுக் கிராமங்களிலோ ஒரு வீட்டில் கிடக்கும் மங்கிய முத்திரை கொண்ட காகிதத் துண்டை 12ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டுக்குக் குறைந்ததாகக் கருத இடமில்லை. மலையாளிப் பழங்குடியினரின் வரலாற்றில் எழுத்து ஆதாரம் அரிது. அந்தத் துண்டு சிலசமயம் ஓர் ஊரின் ஒரே ஆவணமாக இருக்கக்கூடும்.

போலிகளும் உண்டு. கொடை நிலத்துக்குத் தகராறு வந்தபோது பழைய அரசன் பெயரில் புதிய ஏடு எழுதுவது இந்தியா முழுவதும் நடந்திருக்கிறது. மேலைக் கங்கர் பெயரில் எழுந்த பொய்ச் செப்பேடுகளைக் கல்வெட்டு அறிஞர் பிளீட் நீண்ட பட்டியலாகவே தந்தார். மெய்யான ஏட்டின் வளையத்தை அறுத்து, முத்திரையைக் கழற்றிப் பொய் ஏட்டில் பூட்டுவது ஒரு வழி. ஆய்வாளர் பொய்யைக் கண்டுபிடிப்பது எழுத்தமைதி, ஆண்டுக் கணக்கு, மொழி, முத்திரை நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான். முத்திரை தனியே, இதழ்கள் தனியே பிரிந்துவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை. உதயேந்திரத்துக் காளை மட்டும் எங்கோ ஒரு கடையில் கிடைத்திருந்தால், அதைப் பாணன் ஒருவனின் முத்திரை என்றே உலகம் எண்ணியிருக்கும். அது ஒரு கங்கனுடையது என்பதைச் சொன்னவை கூடவே இருந்த இதழ்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது இதழ்களை ஒருவரும் முத்திரையை ஒருவருமாக எடுத்துக்கொள்வதில் போவது இதுதான்.

கேடு பெரும்பாலும் அன்பினால் வருகிறது. ஆயுத பூசைக்கு முன் செப்பேட்டைப் புளி போட்டுத் துலக்குகிறார்கள். எலுமிச்சையும் சாம்பலும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். புளியின் அமிலம் செம்பின் மேற்படிவத்தோடு எழுத்தின் விளிம்பையும் தின்கிறது. புடைப்பாக நிற்கும் சின்னம்தான் முதலில் தேயும்: காளையின் கொம்பு, புலியின் வால், விளிம்பில் ஓடும் எழுத்தின் தலை. பச்சைப் பாசி போல் படிந்திருப்பது அழுக்காகத் தெரிந்தாலும், பல இடங்களில் எழுத்தைப் பொதிந்து காப்பது அதுவே. சந்தனமும் குங்குமமும் எழுத்துப் பள்ளத்தில் இறுகிவிட்டால் எடுப்பது கடினம். பூசை நிற்க வேண்டியதில்லை. பொட்டைப் பெட்டிக்கு இட்டால் போதும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத இடத்தில் வைத்தால் செம்புக்கு வேறு பணிவிடை தேவையில்லை.

வளையம் அறுபடாமல் இருந்தால் அப்படியே விட வேண்டும். முன்பே அறுபட்டிருந்தால் வளையம், முத்திரை, இதழ்கள் எல்லாம் ஒரே பெட்டியில், இருந்த வரிசை மாறாமல் இருக்க வேண்டும். இதழ் எத்தனை, நீள அகலம் எவ்வளவு, முத்திரையின் குறுக்களவும் எடையும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் எடுத்த நான்கைந்து படங்கள், நேர் வெளிச்சத்தில் எடுத்த நூறு படங்களைவிட எழுத்தைத் தெளிவாகக் காட்டும். மைப்படி எடுப்பது பழகிய கல்வெட்டியலாளரின் வேலை. அதை வீட்டில் முயலக் கூடாது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையிலும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவிலும் அதற்கென ஆட்கள் உண்டு. கல்வெட்டுப் பிரிவின் ஆண்டறிக்கைகள் செப்பேடுகளுக்குத் தனிப் பின்னிணைப்பு ஒதுக்கி வந்திருக்கின்றன. படியெடுத்துப் படிக்கக் கொடுப்பதால் ஏடு கைமாறிவிடுவதில்லை.

சட்டத்தைக் குறித்த அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை; சிலர் இரவோடு இரவாகப் பழைய பொருள் வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த முத்திரையும் செப்பேடும் தொல்பொருள் ஆகும். வரலாற்று மதிப்புள்ள சுவடிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும். பரம்பரையாக வந்ததை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகாது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வதும், தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். மண்ணில் கிடைத்த பொருளுக்கு விதி வேறு. உழும்போதோ, அடித்தளம் தோண்டும்போதோ, கோமுகி, மணிமுத்தா, தென்பெண்ணை ஆற்று மணலிலோ புதைந்து கிடந்த பொருள் அகப்பட்டு அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில், எந்த நாளில் கிடைத்தது என்ற விவரங்கள் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமான பிறகு, அந்தக் கடிதத்தோடு விழுப்புரம் வரை போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.